மீள் என்ற சொல்லுக்கு நான் தூக்கிய கை

எனக்கு வயது எழுபத்தாறு. பெற்றது நாலு, வளர்த்தது ஏழு. என்னுடைய நாலு, செத்துப்போன மச்சாளின் ரெண்டு, மகள் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும்போது என் மடியில் இறக்கிவிட்டுப் போன பெட்டை ஒன்று. அதில் ஒருவனைச் சண்டை கொண்டுபோனது. மிச்சத்தில் ஐந்து ஆளாகி நிற்கின்றன, பெட்டை, என் பேத்தி, இன்னும் பள்ளிக்கூடம் போகிறாள். பசி என்று ஒரு பிள்ளையும் அடுத்த வளவு வேலியில் போய் நின்றதில்லை. இத்தனை பேரை வளர்த்தவளுக்கு ஒரு கடதாசியை விளங்கிக்கொள்ளத் தெரியாதா என்று யாரும் கேட்கலாம். போன மாதம் நான் ஒரு கடதாசியை விளங்காமல்தான் கையைத் தூக்கினேன். அந்த வெட்கமும் கோபமும்தான் இந்தக் கொப்பி.

எங்கள் ஊருக்கு நெல் காயப்போடுகிற சீமெந்துத் தளம் ஒன்று இருக்கிறது. பொதுத் தளம். அது இப்போது ஒரு நெல் வியாபாரியின் கைக்குப் போகப்போகிறது. அதைப் போகவிட்ட கைகளில் என் கையும் ஒன்று. நான் கையை இறக்க வேண்டும் என்று போய்ச் சொன்னபோது, எங்கள் விவசாயச் சங்கத்துச் செயலாளர், படித்த பெடியன், சிரித்துக்கொண்டே, “ஆட்சேபனை இருந்தால் எழுத்திலை தாங்கோ ஆச்சி, அரைப்பக்கம் காணும்” என்றான். நான் எழுதமாட்டேன் என்று அவனுக்கு உறுதி. மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனால் கைநாட்டு வைக்கிறவள் இல்லை. கூட்டத்துக்கு வந்தவர்கள் கையெழுத்து வைக்கிற வரவுப் புத்தகத்தில் என் பெயரை நானேதான் எழுதுவேன். எழுதி முடிக்க நேரம் பிடிக்கும். பின்னால் நிற்கிறவர்கள் நிற்கட்டும்.

அரைப்பக்கத்தில் அடங்குகிற கோபம் இல்லை இது. பேத்தியிடம் சொல்லி எண்பது பக்கக் கொப்பி ஒன்று வாங்கினேன்.

விறாந்தையில் இருந்துதான் தொடங்க வேண்டும். அங்கே ரெண்டு கதிரைகள் இருக்கின்றன. ஒன்று என் மனிசனுடையது, என்னைக் கட்டினவருடையது. மற்றது ஞாயிற்றுக்கிழமைக் கதிரை. அதில் அவருடைய தோழர் வந்து இருப்பார். நாற்பது வருஷத்துக்கு மேலாக அந்த ரெண்டு கதிரைகளுக்கும் நடுவில் கிடக்கிறது ஒரே ஒரு வழக்கு: பொதுவுடைமையாக இருந்த ஒரு நாடு திரும்பவும் முதலாளிமாரிடம் போய்விட்டதா, இல்லையா.

என் மனிசன் யாழ்ப்பாணத்தில் இருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து இங்கே வந்தவர். வாய்க்காலில் தண்ணீர் வருவதற்கு முன்னமே அவருடைய சிவப்புப் புத்தகப் பெட்டி வந்துவிட்டது. அந்தப் பெட்டியைக் கறையான் தின்னாமல் வெயிலில் வைத்து எடுத்தது நான். தோழர் மலையில் தேயிலைத் தோட்டத்தில் தொழிற்சங்கத்தில் இருந்தவர். கலவரத்துக்குப் பிறகு பெண்சாதி பிள்ளைகளோடு இறங்கி வந்து, கண்டாவளைப் பக்கம், எங்களுக்கு நாலு மைல் கட்டை தள்ளிக் காடு வெட்டிக் குடியிருந்தார். நல்ல மனிதர். அதையும் எழுதத்தான் வேண்டும். என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு மிதித்தவர்.

முதலில் வழக்கு ரஷ்யாவைப் பற்றியது. இவர் சீனாப் பக்கம், அவர் ரஷ்யாப் பக்கம். ரஷ்யா எப்பவோ முதலாளித்துவத்துக்குத் திரும்பிவிட்டது என்று இவர் சொல்லுவார். தொழிற்சாலை எல்லாம் அரசாங்கத்தின் கையில் இருக்கும்போது எப்படித் திரும்பும் என்று அவர் கேட்பார். அரசாங்கம் ஆரின்ரை கையிலை என்று இவர் திருப்பிக் கேட்பார். இப்படியே வெயில் முற்றத்தைத் தாண்டிப் போகும். நான் மூன்று தரம் தேத்தண்ணி ஊற்றுவேன்.

பிறகு ரஷ்யா தானாகவே உடைந்து விழுந்தது. வானொலியில் கேட்ட அன்று என் மனிசன் வெற்றிலை போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்த நடை எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. ஏதோ தானே போய் அதைத் தள்ளி விழுத்திவிட்டு வந்த மாதிரி. தோழர் நாலு ஞாயிறு வரவில்லை. ஐந்தாம் ஞாயிறு வந்து, சைக்கிளை மாமரத்தில் சாத்தி, கதிரையில் இருக்கமுன்னமே கேட்டார்.

“சரி தோழர். ரஷ்யா போச்சு. ஒங்க சீனா என்னா?”

அன்றிலிருந்து வழக்கு தலைகீழாகப் புரண்டது. இப்போது திரும்பிவிட்டது என்று சொல்லுகிறவர் தோழர். கூட்டுப் பண்ணைகளைக் கலைத்தார்கள், கோடீஸ்வரர்கள் முளைத்திருக்கிறார்கள், கிராமத்துப் பிள்ளைகள் பட்டணத்துத் தொழிற்சாலையில் ஒரு அறைக்குள் பத்துப் பேராகப் படுக்கிறார்கள் என்று அவர் அடுக்குவார். இல்லை, திரும்பவில்லை என்று இவர். காணி இன்னும் அரசாங்கத்தின் காணி, கட்சியின் பிடி விடவில்லை, சந்தையை அவர்கள் பாவிக்கிறார்களே தவிரச் சந்தை அவர்களைப் பாவிக்கவில்லை. ரஷ்யாவுக்குத் தோழர் சொன்ன நியாயங்களை எல்லாம் இவர் எடுத்துச் சீனாவுக்குச் சொன்னார். இவர் சொன்னவற்றை அவர் எடுத்துக்கொண்டார். இதை ரெண்டு பேரும் கவனித்தார்களோ தெரியாது. குசினிக்குள் நின்ற எனக்குக் கேட்டது.

இடம்பெயர்ந்து ஓடின காலத்திலும் வழக்கு எங்களோடு ஓடி வந்தது. முகாமில் தண்ணீருக்கு வரிசை. எங்கள் வாளிகள் வெயிலில் வரிசையாக இருக்கும். இவர்கள் ரெண்டு பேரும் கூட்டுப் பண்ணையைக் கலைத்தது சரியோ பிழையோ என்று நின்றுவிடுவார்கள். வரிசை முன்னால் போகும். மூன்று வாளிகளையும் காலால் தள்ளித் தள்ளிக்கொண்டு போனது நான்.

இப்போது அந்தச் சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதலாளிமார் திரும்பி வருவதற்கு இவர்கள் புத்தகத்தில் ஒரு பெயர் இருக்கிறது. முதலாளித்துவ மீட்சி. நான் அந்தச் சொல்லை முதல் தரம் கேட்ட கிழமையில்தான் எங்கள் செங்காரி மாடு யாரோ ஒருவரின் பயிரில் இறங்கி, அவர்கள் பிடித்துக் கொண்டுபோய்ப் பட்டியில் அடைத்து, நான் போய் நின்று கெஞ்சி மாட்டை மீட்டுக்கொண்டு வந்திருந்தேன். மீட்டது என்றால் எனக்குத் தெரிந்தது அதுதான். போனது கைக்கு வருவது. விறாந்தையில் என் மனிசன் தொண்டை நரம்பு புடைக்க, மீட்சி நடந்துவிட்டது, மீட்சி நடந்துவிட்டது என்று கத்திக்கொண்டிருந்தார். நான் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டேன்.

“மீட்டாச்செண்டால் பேந்து ஏன் இந்தச் சத்தம்?”

தோழருக்குத் தேத்தண்ணி மூக்கில் ஏறியது. என் மனிசன் கதிரையில் இருந்து சரிந்து சரிந்து சிரித்தார். அந்தக் கதையை அவர்கள் வந்தவன் போனவன் எல்லாருக்கும் சொன்னார்கள். பிள்ளைகளுக்குச் சொன்னார்கள். கிளிநொச்சியில் இருந்து ஒரு மாஸ்டர் வந்தால் அவருக்கும் சொன்னார்கள். “இவவின்ரை மாட்டு மீட்சி” என்று பெயரும் வைத்தார்கள். நானும் சிரித்தேன், சிரிக்காமல் என்ன செய்வது. ஆனால் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று அன்றைக்கு ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நான் குசினியில் நின்று கேட்டுக் கேட்டு, நாலைந்து வருஷத்துக்குப் பிறகுதான் விளங்கிக்கொண்டேன். நான் மாட்டை மீட்டது அவர்களுக்கு மீட்சி இல்லை. மாடு திரும்பவும் பட்டிக்காரனிடம் போவதைத்தான் அவர்கள் மீட்சி என்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லுவேன். கள்ளுச் சீவுகிறவரும் அவர்களுக்குத் தோழர். வாய்க்கால் பார்க்கிறவரும் தோழர். சைக்கிளுக்கு ஒட்டுப் போடுகிறவரும் தோழர். என்னை ஒரு நாளும் தோழர் என்றதில்லை. தோழருக்கு நான் தங்கச்சி. மனிசனுக்கு நான் “இஞ்சேரும்”.

சண்டை முடிந்து ஊருக்குத் திரும்ப விட்டபோது, அந்தச் சொல்லின் குடும்பம் முழுவதும் எங்கள் ஊருக்கு வந்தது. மீள்குடியேற்றம் என்றார்கள். வந்தோம். மீள்கட்டுமானம் என்றார்கள். தகரமும் சீமெந்தும் வந்தன. பள்ளிக்கூடம் மீளத் திறப்பு என்றார்கள். பிள்ளைகள் போனார்கள். மீள் என்று தொடங்குகிற எந்தச் சொல்லும் அந்த வருஷங்களில் எங்களுக்குக் கெடுதல் செய்யவில்லை. அதுவும் என் கை தூக்கினதற்கு ஒரு காரணம். அதை நான் மறைக்கவில்லை.

அந்தத் தளம் அப்படி வந்ததுதான். வெளியில் இருந்து யாரோ சீமெந்து தந்தார்கள், கம்பி தந்தார்கள். கை எங்களுடையது. அப்போது ஊரில் ஆம்பிளைகள் குறைவு. செத்தவர்கள் செத்து, பிடிபட்டவர்கள் பிடிபட்டு, மிச்சம் பொம்பிளைகள்தான். பதினொரு பொம்பிளைகள் நாங்கள் சல்லி சுமந்தோம், மணல் அரித்தோம், தாச்சியில் சீமெந்துக் குழையலை ஏந்தி ஏந்திக் கொடுத்தோம். மேற்கு மூலையில் ஈரம் காயமுன்னம் ஒரு நாய் ஓடிப் போன அடி இப்போதும் இருக்கிறது. அந்த நாயை அன்றைக்குத் திட்டின திட்டு ஊர் முழுக்கக் கேட்டது. பக்கத்தில் தகரம் போட்ட சின்னக் களஞ்சியம் ஒன்றும் கட்டினோம். ஆமைப்பூட்டு வாங்கினோம். பூட்டின் திறப்பு, சாவிதான், யாரிடம் இருப்பது என்று கேள்வி வந்தது. என் வீடு தளத்துக்கு நேர் எதிர் என்பதால் என் குசினி ஆணியில் தொங்கட்டும் என்றார்கள். அந்த ஆணி வாசல் பக்கத்தில், கை நீட்டினால் எட்டுகிற உயரத்தில் இருக்கிறது. யாரும் வந்து என்னைக் கேட்காமல் எடுக்கலாம். நான் வீட்டில் இல்லாவிட்டாலும் எடுக்கலாம். கேட்டு எடுப்பது என்றால் அது என் களஞ்சியம். கேட்காமல் எடுத்தால்தான் எல்லாருடைய களஞ்சியம்.

தளத்துக்கு ஒரு வழக்கம் வைத்தோம். நெல்லோ, உழுந்தோ, கச்சானோ, யாருடையது காய்ந்தாலும் சரி, வானம் இருட்டினால் முதலில் கண்டவள் அங்கே தொங்கவிட்டிருக்கிற பழைய தகரத்தைத் தட்ட வேண்டும். தகரம் கேட்டால் எல்லாரும் ஓடி வர வேண்டும். யாருடைய நெல் என்று பார்க்கிறதில்லை. முன்னால் கிடக்கிறதை அள்ளுகிறது. அந்த நேரம் எனக்கு ஆகாதவளின் நெல்லையும் நான் அள்ளியிருக்கிறேன். பேச்சுவார்த்தை இல்லாதவள் என் உழுந்தை அள்ளிக் களஞ்சியத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் போயிருக்கிறாள். ஒரு ஞாயிறு தகரம் அடித்து அடித்து என் கை வீங்கியது. விறாந்தையில் இருந்த ரெண்டு பேருக்கும் கேட்கவில்லை. சீனாவில் காணி யாருடையது என்று முடிவாகிக்கொண்டிருந்தது. நெல் நனைந்தது.

இப்போது வயலுக்குள்ளேயே வெட்டுகிற மெசின் வருகிறது. வரம்பிலேயே வியாபாரியின் லொறி நிற்கிறது. ஈர நெல்லை அப்படியே ஏற்றுகிறார்கள். அவன் சொன்ன விலைதான் விலை. காயவைத்து வைத்திருந்து விற்கிறவர்கள் ஊரில் பாதிதான், அதிலும் முக்கால்வாசி தனியாக இருக்கிற பொம்பிளைகள். அவர்களுக்கு அந்தத் தளம் இருக்கிறபடியால்தான், இப்ப விற்கமாட்டேன் என்று ஒரு வாய் சொல்ல முடிகிறது. தளம் போனால் அந்த வாயும் போகும். இதைத்தான் நான் திரும்பத் திரும்ப எழுதுகிறேன். தளம் என்பது சீமெந்து இல்லை, அந்த வாய்.

போன மாதக் கூட்டத்துக்கு நான் என் நல்ல சேலையை உடுத்திக்கொண்டு போனேன். செயலாளர் பெடியன் கடதாசியை எடுத்து வாசித்தான். அவன் வாசிக்கிறது வெட்டுகிற மெசின் ஓடுகிற மாதிரி. “நெல் உலர்த்தும் தளத்தின் மீள்சீரமைப்பும் வினைத்திறனான பயன்பாடும் தொடர்பான தீர்மானம்.” எனக்குக் காதில் விழுந்தது மீள்சீரமைப்பு. தளத்தின் நடுவில் வெடிப்பு ஒன்று ஓடுகிறது, நெல் அதற்குள் போய் முளைக்கிறது, நாலு வருஷமாகப் பூசச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆக, பூசப் போகிறார்கள் என்று நினைத்தேன். என் மனிசன் எழுந்து, சங்கத்தின் பழைய தலைவர் என்ற மரியாதையில், கொஞ்ச நேரம் பேசினார். காலத்துக்கு ஏற்ற மாதிரி மாறாவிட்டால் பொதுச் சொத்து கறள் பிடித்துத்தான் போகும் என்றார். நல்லாகத்தான் இருந்தது. தோழரும் அவருடைய ஊர்ச் சங்கத்தின் சார்பில் வந்து இருந்தார், ரெண்டு ஊருக்கும் பொதுத் தளம் என்றபடியால். அவர் ஒன்றும் பேசவில்லை. நாற்பது வருஷத்தில் என் மனிசன் பேசி அவர் எதிர்த்துப் பேசாத நாள் அது ஒன்றுதான். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

கைகள் உயர்ந்தன. என் மனிசனின் கை, தோழரின் கை, என் கை, என் பக்கத்தில் இருந்த நாலு பொம்பிளைகளின் கை. அவர்கள் என் கையைப் பார்த்துத் தூக்கினார்கள்.

பத்து நாளுக்குப் பிறகு ஒரு காலைப்பொழுது, நான் தளத்தில் உழுந்து பரப்பிக்கொண்டிருந்தேன். லொறி ஒன்று வந்து நின்றது. இறங்கின ஆள் நல்ல மரியாதையாகத்தான் கேட்டான், களஞ்சியத்தின் திறப்பு உங்களிட்டைத்தானாம் அம்மா, முதலாளி வாங்கிவரச் சொன்னவர் என்று. கையில் கடதாசி. எந்த முதலாளி, எந்தத் திறப்பு என்று கேட்டேன். கூட்டத்தில் நீங்களே கையெழுத்து வைத்திருக்கிறீர்கள் என்று வரவுப் புத்தகத்தின் படியைக் காட்டினான். என் பெயர். என் கோணல் எழுத்து. பேத்தியைக் கூப்பிட்டு, மெல்ல வாசி என்றேன். முதல் பந்தி மீள்சீரமைப்பு. ரெண்டாம் பந்தி வினைத்திறன். மூன்றாம் பந்தியில்தான் இருந்தது, குத்தகை. அவளுடைய விரல் அந்தச் சொல்லில் வந்து நின்றது.

“இதைக் கூட்டத்திலை வாசிச்சவையோ அம்மம்மா?”

வாசித்தார்கள். நான் முதல் சொல்லோடு நின்றுவிட்டேன். மாட்டை மீட்ட கெட்டிக்காரி.

திறப்பு எங்கேயோ வைத்துவிட்டேன், தேட வேண்டும் என்று அந்த ஆளிடம் சொல்லி அனுப்பினேன். வாழ்க்கையில் அந்த ஆணியில் இருந்து திறப்பை நான் எடுத்து என் முந்தானையில் முடிந்தது அன்றைக்குத்தான்.

அடுத்த ஞாயிறு தோழர் வந்தார். ரெண்டு கதிரையும் நிரம்பின. என் மனிசன் தொடங்கிவிட்டார். சந்தை இருக்கிறது என்பதால் மட்டும் ஒரு நாட்டை முதலாளித்துவம் என்று சொல்லிவிட முடியாது, அதிகாரம் யாரிடம் என்பதுதான் கேள்வி என்றார். தோழர், மெல்ல மெல்லத்தான் திரும்புவார்கள், ஒரு நாளில் கொடியை இறக்குவதில்லை, கொடியை விட்டுவிட்டுக் கொடிக்குக் கீழே இருக்கிறதை எல்லாம் மாற்றுவார்கள் என்றார். இதைக் கேட்டதும் எனக்கு உடம்பு எரிந்தது. கேத்திலை அடுப்பில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வெளியில் வந்தேன்.

“அண்ணை, சீனாவிலை நடந்தால் அது மீட்சி எண்டுறியள். எங்கடை தளத்திலை நடந்தால் மீள்சீரமைப்போ?”

தோழர் தேத்தண்ணி வைக்கிற ஸ்டூலைப் பார்த்தார். அதில் ஒன்றும் இல்லை.

என் மனிசன்தான் பதில் சொன்னார். அது வேறு, இது வேறு என்றார். தளம் சும்மா கிடக்கிறது, வியாபாரி பூசித் தருவான், சங்கத்துக்கும் வருமானம், உரிமை எங்களிடம்தானே இருக்கிறது, கொஞ்சக் காலத்துக்கு அவன் பாவிக்கிறான், அவ்வளவுதான் என்றார். சீனாவுக்குச் சொல்லுகிற அதே வசனம். ஒரு எழுத்து மாறவில்லை. நான் முந்தானையை அவிழ்த்துத் திறப்பை ஸ்டூலில் வைத்தேன்.

“அதிகாரம் ஆரிட்டை எண்டு கேக்கிறியள். திறப்பு ஆரிட்டை எண்டு கேளுங்கோ. நாளைக்கு மழை இருட்டி நான் தகரம் தட்டினால், ஆர் வந்து ஆரின்ரை களஞ்சியத்தைத் திறக்கிறது?”

“இஞ்சேரும், உமக்கு அரசியல் விளங்காது. உள்ளை போம்.”

“விளங்காமல்தான் நான் கை தூக்கினனான். நீங்கள் ரெண்டு பேரும் விளங்கியெல்லோ தூக்கினியள்.”

 கேத்தில் கொதித்து அடுப்பில் வழிந்த சத்தம் கேட்டது. நான் திறப்பை எடுத்துத் திரும்பவும் முடிந்துகொண்டு உள்ளே போனேன். தோழர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போன பிறகும் என் மனிசன் கதிரையில் இருந்தார். பின்னேரம் சோறு போட்டேன், சாப்பிட்டார். பேசவில்லை. மூன்று நாள் பேசவில்லை. நானும் பேசவில்லை. ஐம்பது வருஷமாக ஒரு தொண்டை கேட்ட வீட்டில் அந்த மூன்று நாளும் கோழி மட்டும் பேசியது.

புதன்கிழமை தோழர் வந்தார். ஞாயிறு இல்லாத நாளில் அவர் வந்ததே இல்லை. மனிசன் வயலுக்குப் போன நேரம் பார்த்து வந்திருந்தார். சைக்கிளைச் சாத்தவில்லை, பிடித்துக்கொண்டே நின்றார். கதிரையில் இருங்கோ என்று நான் சொல்லவும் இல்லை.

“தங்கச்சி, நீங்க சொன்னதுதான் சரி. ஆனா நா கைய எறக்க முடியாது. மவன் அந்த யாவாரியோட லொறியத்தான் ஓட்டுறான்.”

எனக்கு அது தெரியாது. மலையில் தோட்டத்துரையின் பங்களாவுக்கு முன்னால் கொடி பிடித்து அடி வாங்கின மனிதர் அவர். முதுகில் அந்தத் தழும்பை என் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறார். எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது. ஆனால் கோபம் பாவத்துக்கு இடம் கொடுக்கவில்லை. மகனுக்குச் சோறு வேண்டும், அது நியாயம், அதை அன்றைக்குக் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன் என்றேன். அதைச் சொல்லாமல், ஞாயிறு வந்து, பார்த்தேயிராத ஒரு நாட்டைக் கூண்டில் ஏற்றி விசாரிக்க வேண்டாம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். சைக்கிளைத் திருப்பும்போது ஒரு வார்த்தை சொன்னார்.

“வாறேன் தோழர்.”

“தங்கச்சி எண்டே கூப்பிடுங்கோ அண்ணை. தோழர் எண்டால் கை தூக்கோணும்.”

அவர் போன பிறகு படலையைச் சாத்திவிட்டு வந்து இந்தக் கொப்பியை எடுத்தேன்.

எழுதுகிற நாளெல்லாம் நான் அந்த நாட்டைப் பற்றியும் யோசித்தேன். திரும்பிவிட்டதா, இல்லையா. எனக்குத் தெரியாது. அங்கே திறப்பு யாருடைய ஆணியில் தொங்குகிறது, எட்டுகிற உயரத்திலா எட்டாத உயரத்திலா, கேட்டு எடுப்பதா கேட்காமல் எடுப்பதா என்று இந்த நாற்பது வருஷத்தில் ரெண்டு பேரில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. கட்சி என்றார்கள், கொள்கை என்றார்கள், கட்டம் என்றார்கள். ஆனால் ஒன்று எனக்குத் தெரியும். கூட்டுப் பண்ணையைக் கலைத்த அன்றைக்கு அங்கேயும் ஒரு கூட்டம் நடந்திருக்கும். படித்த பெடியன் ஒருவன் கடதாசியை விறுவிறு என்று வாசித்திருப்பான். பின் வரிசையில் ஒருத்தி, சல்லி சுமந்த ஒருத்தி, நல்ல சொல்லாக இருக்கிறதே என்று கையைத் தூக்கியிருப்பாள். அவளுடைய கையைப் பார்த்துப் பக்கத்தில் நாலு பேர் தூக்கியிருப்பார்கள். அந்த நாடு திரும்பினது என்றால் அந்தக் கையில் இருந்துதான் திரும்பியிருக்கும். அவளோடு எனக்கு ஒரு கதை இருக்கிறது. இவர்களோடு இல்லை.

ஆட்சேபனை என்ற சொல்லில் நான் முதல் பக்கத்திலேயே இடறினேன். எழுதத் தொடங்கின அன்று மத்தியானம் வெளி வாசலில் இருந்து எழுதிக்கொண்டிருந்தேன். ‘ஆ’ போட்டுவிட்டேன், அடுத்தது வரவில்லை. மனிசன் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அவரைக் கேட்கவில்லை, வாய்க்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். அவர் பேப்பரை விலக்காமலே சொன்னார்.

“ஆவன்னாவுக்குப் பிறகு இட்டன்னா. பேந்து சேயன்னா.”

எழுதினேன். அவர் பேப்பரின் பக்கத்தைத் திருப்பினார். கூட்டத்தில் கையை இறக்குவாரோ, இல்லையோ, அது அவருடைய கை. நான் கெஞ்சப் போவதில்லை.

வருகிற ஞாயிறு கூட்டம். அந்த நாலு பொம்பிளைகளும் இன்றைக்குக் காலையில் வந்தார்கள். குத்தகை என்ற சொல்லைப் பேத்தி அவர்களுக்கும் விரல் வைத்துக் காட்டினாள். அதில் ஒருத்தி, எனக்கு ஆகாதவள் என்று எழுதினேனே, அவள், “நீ தூக்கினதாலைதானடி நான் தூக்கினனான்” என்று என் முகத்துக்கு நேரே சொன்னாள். வாங்கிக்கொண்டேன். அது எனக்கு வர வேண்டிய பேச்சு. ஞாயிறு நான் முதலில் எழுந்து கையை இறக்குவேன். இறக்குவதென்றால் எப்படி என்று செயலாளர் பெடியன் கேட்டால், முதலில் தூக்கிக் காட்டி, பிறகு எல்லாரும் பார்க்க இறக்குவேன். கொப்பியை மேசையில் வைப்பேன். திறப்பு என் முந்தானையில்தான் இருக்கும். தளம் எங்களுக்கென்று திரும்பவும் எழுதினால், கூட்டம் முடிந்து நேரே வந்து அதை அந்த ஆணியில் மாட்டுவேன். இல்லையென்றால், லொறிக்காரன் ஆமைப்பூட்டை உடைக்கட்டும். உடைத்தது யார் என்று ஊருக்குத் தெரியட்டும்.

பேத்தி பள்ளிக்கூடத்தால் வந்துவிட்டாள். முகம் கழுவிப் போட்டு வா பிள்ளை, வந்து இந்தக் கொப்பியை முதலில் இருந்து எனக்கு வாசி. அந்தப் பெடியன் வாசிக்கிற மாதிரி ஓடாதே. எழுத்துப் பிழையைத் திருத்து, சொல்லைத் திருத்தாதே. ஒரு சொல்லும் விடாமல், ஒவ்வொரு பந்தியாக, கடைசி வரைக்கும் வாசி. முதல் சொல்லோடு நின்றுவிடுகிற பழக்கம் எனக்கு இருக்கிறது. அதனால் முடிந்ததும் ரெண்டாந்தரமும் வாசி. என்னுடைய எழுத்துக்கும் இனி அப்படிக் கேட்டுத்தான் நான் கையெழுத்து வைப்பேன்.